வாசலும் மதகும்: பாகூர், வில்லியனூர் பெண்களும் நீரின் வரலாறும்

பாகூர்ப் பக்கத்துக் கிராமங்களில் பொழுது விடிவதற்கு முன்பே வாசல் தெளிக்கும் சத்தம் கேட்கத் தொடங்கிவிடும். சாணம் கரைத்த நீரைக் கையால் அள்ளித் தெளித்து, புழுதி அடங்கியதும் குனிந்து கோலம் போடுவார்கள் பெண்கள். மார்கழி என்றால் சாணத்தைப் பிடித்து வைத்து அதில் பூசணிப் பூவைச் செருகுவார்கள். சமைத்ததும் முதல் பிடிச் சோறு காக்கைக்குப் போகும். பாத்திரம் கழுவிய நீர் வாழைக்கும் கறிவேப்பிலைக்கும், அரிசி களைந்த நீர் மாட்டுத் தொட்டிக்கும் போகும். வெள்ளிக்கிழமை தெருவோர வேம்புக்கு மஞ்சள், குங்குமம். ஆடியில் புற்றுக்குப் பால். வயலுக்கோ கம்பெனிக்கோ கிளம்புவதற்கு முன் இதில் பாதி முடிந்திருக்கும்.

இதற்கெல்லாம் என்ன பெயர் என்று கேட்டால் பழக்கம் என்பார்கள், சம்பிரதாயம் என்பார்கள், பக்தி என்பார்கள். வேலை என்று யாரும் சொல்வதில்லை. அறிவு என்றும் சொல்வதில்லை. செய்கிற பெண்களே சொல்வதில்லை.

இயற்கையைப் போற்றுவது பற்றி இன்று மேடைகளிலும் பாடப் புத்தகங்களிலும் நிறையப் பேசப்படுகிறது. அப்பேச்சில் பெண்ணை இயற்கையோடு ஒப்பிடுவதும் தவறாமல் நடக்கிறது. நதி பெண், பூமி பெண், ஏரி தாய். ஆனால் புதுச்சேரியின் ஏரி, வாய்க்கால், வயல் ஆகியவற்றின் வரலாற்றில் உண்மையான பெண்கள் எங்கே இருக்கிறார்கள்? ஊர்க் கதையில் இருக்கிறார்கள். கல்வெட்டில் சில இடங்களில் இருக்கிறார்கள். ஏரியை நிர்வகித்த சபைகளில் இல்லை. வாசலிலும் வயலிலும் தினமும் இருக்கிறார்கள். இந்த இடங்களுக்கு நடுவே இருக்கும் தூரத்தை அளந்து பார்ப்பதே இக்கட்டுரையின் வேலை.

ஒரு வீடு குளமான கதை

புதுச்சேரி நகரத்தின் பாரதி பூங்கா நடுவில் வெள்ளை நிறத்தில் நிற்கிறது ஆயி மண்டபம். புதுச்சேரி அரசின் சின்னத்திலும் இந்த மண்டபமே இருக்கிறது. கிரேக்க, ரோமானியக் கட்டடப் பாணியில் அமைந்த இது பிரான்ஸின் பேரரசர் மூன்றாம் நெப்போலியன் (1852–1870) காலத்தில் எழுந்தது. முத்திரையர்பாளையத்திலிருந்து நகரத்துக்குக் குடிநீர் வந்து சேர்ந்ததன் நினைவாகக் கட்டப்பட்டது. முத்திரையர்பாளையம், நகரத்திலிருந்து வில்லியனூர் செல்லும் திசையில் இருக்கும் ஊர். தண்ணீர் வந்ததற்கான நினைவுச் சின்னத்துக்கு ஒரு பெண்ணின் பெயர் ஏன் வந்தது என்பதற்கு மக்கள் ஒரு கதை சொல்கிறார்கள்.

விஜயநகர மன்னர் கிருஷ்ணதேவராயர் (ஆட்சிக் காலம் 1509–1529) வில்லியனூர்ப் பக்கம் வந்தாராம். மாலை நேரத்தில் விளக்குகளால் ஒளிர்ந்த ஒரு மாளிகையைப் பார்த்துக் கோயில் என்று எண்ணிக் கைகூப்பி வணங்கினாராம். அது ஆயி என்ற தாசியின் வீடு என்று அருகிலிருந்தவர்கள் சொல்ல, சினம் கொண்டு வீட்டை இடித்து அங்கே குளம் வெட்ட ஆணையிட்டாராம். ஆயி மன்றாடி, அந்த வேலையைத் தானே செய்வதாகச் சொல்லி, தன் வீட்டைத் தானே இடித்து, தன் பொருளைச் செலவிட்டுக் குளத்தை அமைத்தார் என்பது கதையின் ஒரு வடிவம். பல நூற்றாண்டுகள் கழித்து அந்தப் பகுதியின் நீர் நகரத்துக்கு வந்தபோது, இந்தக் கதையைக் கேட்ட பிரெஞ்சுப் பேரரசர் அவருக்கு மண்டபம் எழுப்பச் சொன்னார் என்று கதை முடிகிறது.

இக்கதை பள்ளி மாணவிகளுக்குத் தியாகக் கதையாகச் சொல்லப்படுகிறது. கொஞ்சம் நின்று கேட்டால் வேறொன்றும் இதில் கேட்கும். தவறு செய்தவர் அரசர். கோயில் எது, வீடு எது என்று தெரியாமல் வணங்கியவர் அவர். தண்டனை அந்த வீட்டில் விளக்கேற்றி வைத்திருந்த பெண்ணுக்கு. ஒரு பெண்ணின் வீட்டைப் பார்த்துக் குனிந்துவிட்டோமே என்ற ஆணின் அவமானம்தான் குளத்தின் முதல் மண்வெட்டி. பிறகு இன்னொரு பேரரசர் அதே பெண்ணைக் கல்லில் கௌரவிக்கிறார். இரண்டு பேரரசர்களுக்கு நடுவில் அந்தப் பெண் என்ன சொன்னார், இடிக்கும்போது என்ன நினைத்தார் என்பதற்குக் கதையில் இடமில்லை.

தெற்கே பாகூரில் இதே போன்ற இன்னொரு கதை உண்டு. தென்பெண்ணையாற்றில் சொர்ணாவூர் அணைக்கட்டிலிருந்து பிரிந்து வரும் பங்காரு வாய்க்கால்தான் பாகூர் ஏரியை நிரப்புகிறது. புதுச்சேரியில் ஊசுட்டேரிக்கு அடுத்த பெரிய ஏரி அது. பாகூரைப் புதுச்சேரியின் நெற்களஞ்சியம் என்று சொல்ல வைத்ததும் அந்த ஏரிதான். அந்த வாய்க்காலுக்குப் பெயர் கொடுத்தவர் பங்காரி என்ற பெண் என்றும், பங்காரியும் சிங்காரியும் சகோதரிகள், தாசிகள், தங்கள் செல்வத்தைக் கொண்டு ஆற்று நீரை ஏரிக்குக் கொண்டுவந்தவர்கள் என்றும் ஊரில் சொல்கிறார்கள்.

ஏன் தாசிகள்?

வடக்கில் ஆயி, தெற்கில் பங்காரி, சிங்காரி. நீர் கொடுத்த பெண்களாக நினைவில் நிற்பவர்கள் ஏன் தாசிகளாகவே இருக்கிறார்கள்? ஒரு விவசாயியின் மனைவி, ஒரு குயவரின் மகள், ஒரு நடவுக்காரப் பெண் ஏன் வாய்க்காலுக்குப் பெயராகவில்லை?

பதில் பக்தியில் இல்லை, சொத்தில் இருக்கிறது. வாய்க்கால் வெட்டக் கூலி கொடுக்க வேண்டும். நிலம் விட்டுக்கொடுக்க வேண்டும். அதற்குத் தன் பெயரில் பொருள் வேண்டும். கணவன் வீட்டில் உழைத்த பெண்ணுக்கு அது இருந்ததில்லை. கோயிலோடு தொடர்புடைய பெண்களில் சிலருக்கு இருந்தது. சோழர் காலக் கல்வெட்டுகளை ஆராய்ந்த லெஸ்லி ஓர் என்ற வரலாற்றாய்வாளர் 2000-இல் வெளியிட்ட நூலில், தமிழ்நாட்டுக் கோயில் பெண்கள் கல்வெட்டுகளில் பெரிதும் கொடையாளர்களாகவே தோன்றுகிறார்கள் என்று காட்டுகிறார். நிலம், பொன், விளக்கு, ஆடு என்று அவர்கள் கொடுத்திருக்கிறார்கள். கொடுத்ததால் பெயர் கல்லில் ஏறியது. பிற்காலத்திலும் தேவதாசிக் குடும்பங்களில் சொத்து தாயிடமிருந்து மகளுக்குப் போகும் வழக்கம் இருந்தது.

இதைச் சொல்வது அந்த முறையைப் புகழ்வதற்காக அல்ல. அம்முறைக்குள் பெண்கள் எவ்வளவு சுரண்டப்பட்டார்கள் என்பதை அதே சமூகத்தில் பிறந்த மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் 1936-இல் நாவலாகவே எழுதினார். முத்துலட்சுமி ரெட்டி போன்றோரின் நெடிய போராட்டத்துக்குப் பிறகு 1947-இல் சென்னை மாகாணத்தில் அதை ஒழிக்கும் சட்டம் வந்தது. நாம் இங்கே கவனிக்க வேண்டியது ஒன்றுதான். ஊரார் இழிவாகப் பேசிய பெண்களின் பெயர் நீரில் நின்றது. கற்புக்கரசிகள் என்று போற்றிய பெண்களின் பெயர் எதிலும் நிற்கவில்லை. போற்றுவதற்கும் பெயர் நிற்பதற்கும் நடுவே சொத்துரிமை என்ற ஒரு மதகு இருக்கிறது.

ஏரியை ஆண்டவர்கள்

பாகூர் பழைய ஊர். 9-ஆம் நூற்றாண்டில் பல்லவ மன்னர் நிருபதுங்கவர்மன் காலத்துப் பாகூர்ச் செப்பேடு, இங்கிருந்த ஒரு கல்விச்சாலைக்கு மூன்று கிராமங்கள் கொடுக்கப்பட்டதைச் சொல்கிறது. அங்கே படித்தவர்கள் வேதம் பயின்ற ஆண்கள். ஊரின் மூலநாதர் கோயிலில் சோழர் காலக் கல்வெட்டுகள் இருக்கின்றன. அக்காலத் தமிழ் ஊர்ச் சபைகள் ஏரிகளை எப்படி நிர்வகித்தன என்பதற்கு நல்ல சான்று காஞ்சிபுரத்துக்கு அருகிலுள்ள உத்திரமேரூரில் கிடைக்கிறது. முதலாம் பராந்தகன் காலத்தில், 919-இலும் 921-இலும் வெட்டப்பட்ட கல்வெட்டுகள், ஏரி வாரியம் உள்ளிட்ட வாரியங்களுக்குக் குடவோலை முறையில் உறுப்பினர்களைத் தேர்ந்தெடுக்கும் விதிகளைச் சொல்கின்றன. வரி செலுத்தும் நிலம் கால்வேலிக்கு மேல் இருக்க வேண்டும். சொந்த மனையில் வீடு கட்டியிருக்க வேண்டும். 35 வயதுக்கு மேல், 70 வயதுக்குள் இருக்க வேண்டும். வேத அறிவு வேண்டும்.

நம் பாடப் புத்தகங்கள் இதை உலகின் பழைய ஜனநாயகம் என்று பெருமையோடு சொல்கின்றன. அந்த விதிகளை ஒரு பெண்ணாக இருந்து படித்துப் பாருங்கள். ஒரு தலித் பெண்ணாக இருந்து படித்துப் பாருங்கள். பெண் கூடாது என்று தனியாக எழுத வேண்டிய தேவைகூட அவர்களுக்கு இருக்கவில்லை. நிலமும் மனையும் வேதமும் கேட்டபோதே வாசல் சாத்தப்பட்டுவிட்டது.

பிரெஞ்சு ஆட்சி வந்தது. பேச்சு மாறியது, மதகின் சாவி கைமாறவில்லை. ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பு 1736 முதல் 1761 வரையான புதுச்சேரியை நாள்நாளாகச் சொல்கிறது. வணிகம், கப்பல், போர், கவர்னர் துய்ப்ளேக்ஸ், அவர் மனைவி எல்லோரும் அதில் வருகிறார்கள். அந்த நகரத்துக்கு நெல் விளைவித்த பெண்களின் நாட்களுக்கு நாட்குறிப்பு இல்லை. பிறகு வந்த காலத்தில் ஏரிப் பாசனத்தைக் கவனிக்க 'சிண்டிக்கா அக்ரிகோல்' என்ற விவசாயச் சங்கங்கள் இருந்தன. அவை நிலவுடைமையாளர்களின் சங்கங்கள். நிலம் இல்லாதவருக்கு ஏரியைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை என்பது அவற்றின் அடிப்படை.

ஆனால் நிலமில்லாத பெண்ணுக்குத்தான் ஏரியைப் பற்றி அதிகம் தெரியும். நிலக்காரருக்கு ஏரி என்றால் பாசன நீர். எத்தனை அடி நிற்கிறது, எத்தனை நாள் பாயும் என்பதே கணக்கு. ஏரிக்கரையில் வாழும் பெண்ணுக்கு ஏரி என்றால் பொன்னாங்கண்ணியும் வல்லாரையும். வற்றும் காலத்தில் சிறு மீனும் நத்தையும். பாய்க்குக் கோரை, அடுப்புக்குச் சுள்ளி, ஆட்டுக்கு மேய்ச்சல், துணி துவைக்கத் துறை. எந்த மூலையில் ஆழம், எந்த மாதத்தில் எந்தப் பறவை வரும், கரையில் எங்கே கசிகிறது என்பது தினமும் நடக்கும் காலுக்குத் தெரியும். அந்த அறிவைச் சபையோ சங்கமோ கேட்டதில்லை.

கோலத்துக்குள் இருக்கும் கணக்கு

இனி வாசலுக்குத் திரும்புவோம். கோலத்தைப் பற்றிப் பல ஆண்டுகள் ஆய்வு செய்த விஜயா நாகராஜன் 2018-இல் வெளியிட்ட நூலுக்கு 'ஆயிரம் உயிர்களுக்கு உணவளித்தல்' என்ற பொருளில் தலைப்பு வைத்தார். அரிசி மாவால் போடும் கோலம் எறும்புக்கும் அணிலுக்கும் சிட்டுக்கும் உணவு. ஒவ்வொரு இல்லத்தாரும் தினமும் பிற உயிர்களுக்கு உணவிட வேண்டும் என்ற பழைய கடமையை, வீட்டில் அதற்குப் பொறுப்பேற்ற பெண்ணே விடியலில் செய்து முடிக்கிறார். இப்போது பெரும்பாலான வாசல்களில் கல்மாவுக் கோலம்தான். அது வெள்ளையாக நிற்கும். எறும்புக்கு அதில் ஒன்றுமில்லை. வடிவம் தங்கிவிட்டது, விருந்து போய்விட்டது.

அதே ஆய்வாளர் இன்னொன்றையும் கவனிக்கிறார். பூமியைத் தாய் என்று விடியலில் வணங்கும் அதே ஊரில், சற்று நேரத்தில் அதே தெருவில் குப்பை கொட்டப்படுகிறது. புனிதம் விட்டு விட்டு வருகிறது என்கிறார் அவர். வில்லியனூரை அடுத்த திருக்காஞ்சியில் மாசி மகத்தன்று சங்கராபரணி ஆற்றங்கரையில் மக்கள் கூடி நீராடி, முன்னோருக்குத் திதி கொடுப்பதைப் பார்த்தவர்களுக்கு இது புரியும். ஆற்றை வணங்குவது ஒரு நாள். அந்த ஆற்றிலேயே மணல் அள்ளுவதும் கழிவு விடுவதும் மற்ற நாட்கள். வணங்குவது மட்டுமே ஆற்றைக் காப்பாற்றும் என்று நம்ப முடியாது. பூமாலையையும் பழைய துணியையும் மறுநாள் காலையில் அள்ளுகிறவர் யார், அவருக்கு என்ன கூலி என்று கேட்டால்தான் வணக்கத்தின் எடை தெரியும்.

கோலத்தைவிடக் கண்ணுக்குத் தெரியாத வேலை விதை காப்பது. நல்ல சுரைக்காயில் ஒன்றைப் பறிக்காமல் கொடியிலேயே முற்றவிட்டு, அடுப்புக்கு மேலே புகை படும்படி தொங்கவிடுவார்கள். பூசணி, பீர்க்கு விதைகளைச் சாணத்தோடு பிசைந்து சுவரில் அப்பி வைப்பார்கள். காய்ந்ததும் பூச்சி அண்டாது. அவரையும் துவரையும் சாம்பலில் புரட்டப்படும். விதை நெல்லை வெயிலில் காயவைத்து, பல்லில் கடித்து ஈரம் பார்த்து, நொச்சி இலையும் வேப்பிலையும் போட்டு மூட்டையிலோ குதிரிலோ வைப்பார்கள். வீட்டில் எவ்வளவு பசி வந்தாலும் அதைத் தொடக்கூடாது. ஆடிப்பட்டம் தேடி விதை என்ற பழமொழியை ஆண் சொன்னாலும், ஆடியில் விதை இருந்தது அந்தப் பெண் முந்தைய தையிலிருந்து காத்ததால்.

இது சடங்கா, அறிவியலா? அந்தப் பெண்கள் இரண்டையும் பிரித்து வைக்கவில்லை. விதை எடுத்து வைக்கும் நாளில் விளக்கேற்றினார்கள், ஈரமும் பார்த்தார்கள். பிரித்தவர்கள் பின்னால் வந்தவர்கள். 1960-களின் பிற்பகுதியில் பசுமைப் புரட்சியோடு குட்டை ரக நெல் வந்தது. விதை டிப்போவிலிருந்து வந்தது. வேளாண் அதிகாரி வீட்டுக்கு வந்து பேசியது ஆண்களோடு. அடுப்புக்கு மேலே தொங்கிய சுரைக்காய் அறிவு பழம் பஞ்சாங்கமானது. பெண்களின் வேலை குறையவில்லை. நடவும் களையெடுப்பும் அப்படியே இருந்தன. குறைந்தது முடிவெடுக்கும் இடம்.

தீட்டு கேட்காத வயல்

இயற்கையைப் பேணும் பெண் என்ற அழகான சித்திரத்துக்குள் ஒரு முள் இருக்கிறது. அந்தப் பெண்ணே துளசியைத் தொடக் கூடாத நாட்கள் மாதத்தில் மூன்றோ நான்கோ உண்டு. தொட்டால் செடி பட்டுப்போகும், ஊறுகாய் கெட்டுப்போகும், பூ வாடிவிடும் என்று சொல்லி வளர்க்கப்பட்ட பெண்கள் நாம். தினமும் நீர் ஊற்றி வளர்த்தவளின் உடலே செடிக்கு நஞ்சு என்று நம்ப வைத்தது எவ்வளவு பெரிய வேலை! கணவனை இழந்த பெண்ணுக்கு வேம்புக்குக் குங்குமம் வைக்கும் உரிமையும், விசேஷ நாளில் வாசலில் முன்நிற்கும் உரிமையும் போய்விடும். போற்றும் உரிமைகூட ஒரு ஆண் உயிரோடு இருப்பதைப் பொறுத்தது.

ஆனால் நடவு வயலில் யாரும் தீட்டு கேட்பதில்லை. இடுப்பு வளைய நாற்று நடும் பெண்களில் இன்று யாருக்கு மாதவிடாய் என்று எந்த நிலக்காரரும் விசாரிப்பதில்லை. அந்தக் கைபட்ட நாற்று பட்டுப்போனதில்லை. அந்த நெல்தான் கோயில் படையலுக்கும் போகிறது. உழைப்பு தேவைப்படும் இடத்தில் தீட்டு மறைந்துவிடுகிறது, உரிமை கேட்கும் இடத்தில் திரும்பி வருகிறது. இதைவிடத் தெளிவான சான்று வேண்டுமா, தீட்டு என்பது இயற்கையின் விதி இல்லை என்பதற்கு?

சாதியிலும் இதே கணக்குதான். பாகூரிலும் வில்லியனூரிலும் மற்ற தமிழ்க் கிராமங்களைப் போலவே ஊர் தனி, சேரி தனி என்றுதான் வீடுகள் அமைந்தன. கிணறுகளும் தனித்தனியாகவே இருந்தன. ஏரியில் வண்டல் அள்ளிச் சுமந்த பெண்களில் பலருக்குக் கோயில் குளத்துப் படியில் இறங்க அனுமதி இருந்ததில்லை. 1927 மார்ச் 20 அன்று மகாராஷ்டிரத்தின் மகாடில் அம்பேத்கர் ஆயிரக்கணக்கானோரோடு சென்று சவுதார் குளத்தின் நீரை அள்ளிக் குடித்தபோது, நீர் யாருடையது என்ற கேள்வி நாடு முழுக்கக் கேட்டது. நீரை வணங்குவதைப் பற்றிப் பேசும்போதெல்லாம் அந்தக் குளத்தையும் சேர்த்தே பேச வேண்டும். தொடவே விடாமல் வைத்திருந்தவர்களிடம், நீரைப் போற்றுங்கள் என்று சொல்லும் தகுதி யாருக்கு இருக்கிறது?

ஏரி வற்றியது ஏன்?

ஏரிகளைப் பேணும் பழக்கம் அழிந்ததற்குப் பக்தி குறைந்தது காரணம் என்று பெரியவர்கள் சொல்வார்கள். உண்மைக் காரணம் தரைக்குக் கீழே இருக்கிறது. மின்சாரமும் பம்புசெட்டும் வந்த பிறகு, ஆழ்துளைக் கிணறு வைத்திருப்பவருக்கு ஏரி தேவைப்படவில்லை. ஏரியின் வரத்து வாய்க்காலைத் தூர்வார வருடத்துக்கு ஒருமுறை ஊர் கூடிச் செய்த குடிமராமத்து நின்றது. கரையில் ஆக்கிரமிப்பு வந்தது. நிலத்தடி நீர் இறங்க இறங்க, கடலை ஒட்டிய பகுதிகளில் உப்பு நீர் உள்ளே வரத் தொடங்கியது. ஆழ்துளைக் கிணறு போட முடிந்தவர்கள் இன்னும் ஆழமாகப் போட்டார்கள். கீரையும் நத்தையும் கோரையும் எடுத்த பெண்களுக்கு ஏரிக்கு மாற்று எதுவும் கிடைக்கவில்லை. குடிநீருக்குக் குடத்தோடு நின்றவர்களும் அவர்கள்தான்.

1999-இல் ஐரோப்பிய ஒன்றியத்தின் நிதியுதவியோடு புதுச்சேரி ஏரிகள் புனரமைப்புத் திட்டம் தொடங்கியது. பிரதேசத்தின் 84 ஏரிகளைச் சீராக்குவது நோக்கம். இத்திட்டத்தில் ஏரிப் பயன்படுத்துவோர் சங்கங்கள் அமைந்தபோது, நிலமுள்ளவர்களோடு நிலமில்லாதவர்களும் பெண்களும் அதில் இடம்பெற வேண்டும் என்ற எண்ணம் முதன்முதலாக விதிக்குள் வந்தது. உத்திரமேரூர்க் கல்வெட்டிலிருந்து அந்த விதிக்கு வந்து சேர ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் ஆகியிருக்கிறது. விதி வந்ததாலேயே ஏரிக்கரைக் கூட்டத்தில் பெண்ணின் குரல் எடுபட்டுவிடாது. முன்வரிசை நாற்காலியும் டீயும் ஆண்களுக்கு, வருகைப் பதிவேட்டில் கையெழுத்து பெண்களுக்கு என்ற நிலை எந்தக் கிராமச் சங்கத்திலும் நமக்குத் தெரிந்ததுதான். ஆனாலும் கூட்டத்துக்குள் உட்காரும் உரிமை சிறியதில்லை.

2005-இல் வந்த ஊரக வேலை உறுதிச் சட்டம் இன்னொரு கதவைத் திறந்தது. நூறு நாள் வேலை என்று நாம் சொல்லும் அந்த வேலையில் புதுச்சேரியிலும் தமிழ்நாட்டிலும் பெரும்பாலோர் பெண்கள். குளம் தூர்வாரினார்கள், வாய்க்கால் வெட்டினார்கள், கரையை உயர்த்தினார்கள். அவர்களைச் சோம்பேறிகள் என்று கேலி செய்யும் பேச்சு எல்லா டீக்கடையிலும் உண்டு. அதே டீக்கடையில் ஆயியின் தியாகமும் பேசப்படும். ஆயி வெட்டினால் புண்ணியம். பக்கத்துத் தெருப் பெண் கூலி வாங்கிக்கொண்டு வெட்டினால் தண்டச் சம்பளம். ஏரி மண்ணைத் தொட்டதற்கான கூலி தன் பெயரிலேயே உள்ள வங்கிக் கணக்கில் வந்து சேர்வது, அந்தப் பெண்களில் பலருக்கு அம்மாவோ பாட்டியோ காணாத ஒன்று.

இயற்கைக்கு நெருக்கமானவள்?

பெண்ணியத்துக்குள்ளேயே இது பற்றிய விவாதம் உண்டு. வந்தனா சிவா 1988-இல் எழுதிய நூலில், பெண்களும் இயற்கையும் ஒரே வளர்ச்சி முறையால் ஒடுக்கப்படுகிறார்கள் என்றும், உயிரைப் பேணும் அறிவு பெண்களிடம் இருக்கிறது என்றும் வாதிட்டார். இமயமலையில் 1974-இல் ரேணி கிராமத்தில் கௌரா தேவியும் மற்ற பெண்களும் மரங்களை வெட்ட வந்தவர்களைத் தடுத்து நிறுத்திய சிப்கோ போராட்டம் அவர் வாதத்துக்கு முக்கியச் சான்று. 1992-இல் பினா அகர்வால் இதற்கு மறுமொழி எழுதினார். பெண் பிறப்பாலேயே இயற்கைக்கு நெருக்கமானவள் என்று சொன்னால், பெண்களுக்கு நடுவே உள்ள வர்க்க, சாதி வேறுபாடு மறைந்துவிடும் என்றார். சுள்ளி பொறுக்குகிறவளுக்கு மரத்தின் மீது அக்கறை வருவது அவள் பெண் என்பதால் மட்டும் இல்லை, சுள்ளி பொறுக்கும் வேலை அவள் தலையில் இருப்பதால். அந்த வேலை யாருக்கு, நிலம் யாருக்கு என்பதில்தான் இயற்கையோடு நமக்குள்ள உறவு உருவாகிறது என்பது அவர் வாதம்.

பாகூரையும் வில்லியனூரையும் பார்த்தால் அகர்வால் சொல்வது அதிகம் பொருந்துகிறது. நிலக்காரர் வீட்டுப் பெண் துளசி மாடத்தைச் சுற்றுகிறார். அவர் வயலில் களை எடுக்கும் பெண் எந்தக் களை கீரை, எந்தக் களை மருந்து என்று அறிந்திருக்கிறார். இருவரும் மண்ணை மதிக்கிறார்கள். ஒரே மாதிரி இல்லை. ஆனால் இருவருக்கும் பொதுவான ஒன்று இருக்கிறது. பட்டாவில் இருவர் பெயரும் இல்லை. 2005-இல் இந்து வாரிசுரிமைச் சட்டத் திருத்தம் மகளுக்கும் மகனுக்கும் பூர்வீகச் சொத்தில் சம உரிமை தந்தது. அதன் பிறகும் சீர் வாங்கிக்கொண்டு கையெழுத்துப் போட்டுக் கொடுக்கும் மகள்களை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். சில சமயம் அந்த மகள் நாமாகவே இருந்திருக்கிறோம்.

கென்யாவில் வங்காரி மாத்தாய் 1977-இல் பசுமைப் பட்டை இயக்கத்தைத் தொடங்கியபோது, கிராமப் பெண்களுக்கு மரக்கன்று வளர்க்கச் சொல்லிக் கொடுத்ததோடு நிற்கவில்லை. பிழைத்த கன்று ஒவ்வொன்றுக்கும் ஒரு சிறு தொகை கொடுக்க ஏற்பாடு செய்தார். மரம் நடுவதிலிருந்து அந்தப் பெண்கள் நிலம், ஆட்சி, ஊழல் என்று பேசும் இடத்துக்கு நகர்ந்தார்கள். 2004-இல் அவருக்கு நோபல் அமைதிப் பரிசு கிடைத்தது. அன்றாட அக்கறைக்குக் கூலியும் குரலும் சேர்ந்தால் என்ன நடக்கும் என்பதற்கு அது உதாரணம்.

நம் வாசலில் கோலம் இருக்கட்டும். முடிந்தால் அரிசி மாவில் இருக்கட்டும். அதை ஒருநாள் வீட்டு ஆண்களும் போடட்டும். காக்கைக்குச் சோறும், சிட்டுக்குத் தண்ணீரும், முற்றவிட்ட சுரைக்காயும் தொடரட்டும். தீட்டு நாளில் துளசிக்கு நீர் ஊற்றிப் பாருங்கள், செடி தழைக்கும். இவற்றில் எதையும் விட்டுவிடச் சொல்லவில்லை. இவற்றுக்கு நம் அம்மாக்கள் கொடுத்த நேரத்தையும் அறிவையும் வரலாறாக எழுதச் சொல்கிறேன்.

மாணவிகளுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் ஊர் ஏரிக்குப் போய்ச் சில கேள்விகள் கேளுங்கள். மதகைத் திறக்கிறவர் யார்? எப்போது திறப்பது என்று முடிவு செய்த கூட்டத்தில் எத்தனை பெண்கள் இருந்தார்கள்? ஏரிக்குக் கீழே உள்ள நிலங்களில் எத்தனை பட்டா பெண்கள் பெயரில் இருக்கிறது? ஏரியிலிருந்து எந்தக் கீரையை, எந்த மாதத்தில், யார் எடுத்தார்கள் என்று ஊரில் மூத்த பெண்களிடம் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். அவர்கள் முதலில் இதெல்லாம் ஒரு விஷயமா என்று சிரிப்பார்கள். உட்கார்ந்து கேட்டால் சொல்வார்கள்.

பங்காரு வாய்க்காலில் தண்ணீர் வரும்போது ஊரே கரைக்குப் போய்ப் பார்க்கும். அந்தக் கூட்டத்தில் தலையில் புல்லுக்கட்டோடு நிற்கும் பெண்ணின் பெயர் எந்தக் கதையிலும் வராது. அவருக்குக் கதை தேவையில்லை. ஏரிச் சங்கத்தில் ஒரு இடமும், பட்டாவில் ஒரு வரியும் தேவை.